வெள்ளிக்கிழமைப் பொட்டு

ஆங் மோ கியோ வட்டாரத்து விசாலாட்சியைப் போல ஒரு சுத்தக்காரியைப் பார்க்க முடியாது. ஆயுசெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கறை போக்கியவள். வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை விடிந்தால் முதல் வேலை, சாமி மேடையில் இருக்கும் சுதாவின் படத்தைத் துடைப்பது. சுதா அவளுடைய ஒரே மகள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் பிடித்த அந்த ஒரு படம்தான் மிச்சம். வீடு மாறியபோது அதன் கண்ணாடி உடைந்துவிட்டது. "கண்ணாடி எதுக்கு? புள்ளைய தொட்ட மாதிரியாவது இருக்கட்டும்" என்று அப்படியே விட்டுவிட்டாள். ஈரத்துணியால் முகத்தோடு சேர்த்துப் பழைய பொட்டைத் துடைப்பாள். புதிதாகச் சந்தனம் குழைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பாள். வருஷக்கணக்காக ஒரு வெள்ளி தவறியதில்லை.

போன மாதம் கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்தவள் நேரே சாமி மேடைக்குத்தான் போனாள். மகளைத் தெளிவாகப் பார்க்கப்போகிறோம் என்று அவ்வளவு ஆசை! கவுன் தெரிந்தது. ரிப்பன் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் வெளுத்துப்போன ஒரு சிவப்புக் கறை. அடப் பாவமே, மங்கின கண்ணுக்கு இத்தனை நாளாக அது தெரியவே இல்லை.

பழைய படங்களைப் பாதுகாக்கும் காப்பகத்து ஆட்கள் லிட்டில் இந்தியாவில் மேசை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டாள். படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மேசையில் இருந்த காப்பகத்துப் பெண் வைஷாலி கையுறை மாட்டி, விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ஈரம் பட்டு மேல்பூச்சு கரைஞ்சிடுச்சு. இனிமே இருட்டா, குளிர்ச்சியா ஒரு இடத்துல வெச்சா, இருக்கிறத காப்பாத்தலாம். போனத கொண்டுவர முடியாது."

"கம்ப்யூட்டர்ல வரையறாங்கல்ல லா?"

"வரையலாம். ஆனா அது சுதாவா இருக்காது. யாரோ ஒரு புள்ள."

"அப்போ நாந்தான் என் புள்ளைய அழிச்சிட்டேனா?"

வைஷாலி எழுந்து போனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்து, சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தாள்.

"உங்க ஞாபகமும் ஆவணம்தான் ஆன்ட்டி. நீங்க சொல்லுங்க, படத்தோட சேர்த்து நாங்க பத்திரமா வெச்சிருப்போம்."

விசாலாட்சிக்கு உயிர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மஞ்சள் கவுன், தேக்கா மார்க்கெட்டில் எடுத்த துணி, காலைக் கடித்த செருப்புக்காகச் சுதா பிடித்த அடம், ஸ்டூடியோவில் கொடுத்த மிட்டாய் என்று மடமடவெனச் சொல்லிக்கொண்டே போனாள்.

"முகம் எப்படி இருக்கும் ஆன்ட்டி? கண்ணு, மூக்கு?"

விசாலாட்சி கண்ணை மூடினாள். நெற்றிப் பொட்டு உடனே வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. இன்னும் இறுக்கி மூடினாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள். "வந்துடுவா."

கருவி ஓடிக்கொண்டிருந்தது.