டீக்கடை பாயின் மாடு சினையானபோது

தோள்வரை கைவிட்டுத் தேடியபோது விரலில் தட்டுப்பட்டது இன்றும் நினைவிருக்கிறது. வயதுக்கு வந்த பசுவின் கருமுட்டைப் பை, காய்ந்த மொச்சை போலச் சிறுத்து வழவழவென்று கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை மருத்துவமனையில் எனக்கு முதல் வேலை. பொம்பள டாக்டர் என்று பலரும் கம்பவுண்டரிடமே மாட்டைக் காட்டிவிட்டுப் போவார்கள். தயங்காமல் என்னிடம் வந்தவர், ராஜபாளையம் சாலையில் டீக்கடை வைத்திருந்த பாய். மனைவி இறந்தபின் அவருக்கு இருந்தது கடையும் இந்தப் பசுவும்தான்.

"என் வீட்டுக்காரி கன்னுக்குட்டியில இருந்து வளர்த்ததும்மா. ரெண்டு வருசமாப் பருவத்துக்கே வரல. அடிமாட்டுக்குத் தள்ளுங்கன்னு எல்லாரும் சொல்லுதாக. மனசு வரமாட்டேங்குது."

என்ன தீனி என்று கேட்டேன். வைக்கோலும், வெல்லம் காய்ச்சும் இடத்துக் கழிவு என்று ஒருவன் கொண்டுவந்து ஊற்றுவதும். "எம்புட்டு ஆசையாக் குடிக்குது தெரியுமா?" மறுநாள் ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததுமே நாற்றம் மூக்கைத் தாக்கியது.

"பாய், இது சாராய ஊறல்."

அவர் முகம் செத்துவிட்டது. "நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லம்மா. வாயில்லாச் சீவனுக்கு ஊத்தியிருக்கேனே!"

வெறும் வைக்கோலில் வற்றிய உடம்பில், முட்டையை வளர்க்கும் ஹார்மோன் சரியாகச் சுரக்காது. தினமும் சாராயம் போனால் அது இன்னும் அடங்கிப்போகும் என்று விளக்கினேன். ஊறலை நிறுத்தி, பருத்திக்கொட்டையும் கடலைப் பிண்ணாக்கும் பசும்புல்லும் தாது உப்பும் கொடுக்கச் சொன்னேன். மாதம் ஒருமுறை காட்டினால் போதும் என்றேன். அவர் வியாழக்கிழமைதோறும் மாட்டை ஓட்டிவந்தார். நான் கைகழுவும்வரை மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வாடகை அறையில் தனியே சமைத்துத் தனியே சாப்பிட்ட எனக்கு, வாரத்தில் காதில் விழுந்த வீட்டுப் பேச்சு அது ஒன்றுதான்.

நான்காம் மாதம் மாடு பருவத்துக்கு வந்தது. சினை ஊசி போட்டோம். மூன்று மாதம் கழித்துச் சோதித்து, "சினைதான் பாய்" என்றேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே அழுதார். பிறகு, "அப்போ இனி இங்க வர வேண்டியதில்ல" என்றார்.

அடுத்த வியாழன் மாடில்லாமல் வந்து நின்றார். வரிசையில் கூட்டம்.

"மாடு எங்க பாய்?"

"நல்லாருக்கும்மா. அதச் சொல்லிட்டுப் போவோம்னுதான்..."

"சரி, கன்னு போட்டதும் சொல்லுங்க" என்று அடுத்த மாட்டிடம் திரும்பிவிட்டேன். உட்காரச் சொல்லியிருக்கலாம். அதன்பின் அவர் வரவில்லை. அவர் கடை பத்து நிமிட நடை, நானும் போகவில்லை. மாற்றல் உத்தரவு வந்தபோதுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்று, நாளெல்லாம் யாரோடும் பேசாமலே கழியும் இப்போதுதான் அவர் வந்து நின்றது எதற்கென்று விளங்குகிறது. மாற்றலாகிப் போன பிறகு ஒரு நாள் பஸ்ஸில் பார்த்த கம்பவுண்டர் அன்றே சொல்லியிருந்தார்: கிடேரிக் கன்றாம். தூக்குவாளியில் எனக்குச் சீம்பால் கொண்டுவந்திருக்கிறார். நான் ஊரைவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. கம்பவுண்டர் கைநீட்டியும் கொடுக்காமல், வாளியோடு திரும்பிப் போய்விட்டாராம்.