மழை நாள் பெரட்டு

மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. ரப்பர் மரம் நனைந்துவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. யட்டியாந்தோட்டை மழையோ யாரையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. பெரியவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளான எங்களுக்கு மட்டும் அது கொண்டாட்டம். மழை நாளில்தான் மாமா பெரட்டு எடுப்பார்.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு பேர் என்று கணக்கு. நிஜப் பெரட்டில் கணக்கப்பிள்ளையைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். என் அம்மாவின் தம்பியான மாமா, பால் வாளியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு அப்பாவின் பழைய கோட்டுக்குள் புகுந்து வந்தால் அச்சு அசல் அதே கணக்கப்பிள்ளைதான். அதே தொப்பை, அதே செருமல்.

“நீ கொய்யா மரத்துல ஏறு, ஒனக்கு அரைநாள் பேரு. நீ ரொட்டியத் தின்னுட்டுத் தூங்கு, ஒனக்கு முழுநாள் பேரு.”

கடைசியில் தன் பெயரையே கூப்பிடுவார். கூப்பிட்ட கையோடு வாளியைக் கழற்றிவிட்டு எங்கள் வரிசைக்கு ஓடிவந்து, கைகட்டி, “வந்துட்டேனுங்க ஐயா” என்பார். மறுபடி ஓடிப்போய் வாளியை மாட்டிக்கொண்டு, லேட்டாக வந்ததற்குத் தன்னையே திட்டுவார். மாவு டின்னைச் சுரண்டிக்கொண்டிருக்கும் அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு மாமாவைப் பிடிக்கும்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு பிரித்துக்கொண்டிருந்த அந்த வருஷம், இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்த மாமாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்ததால் நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும், மாமா மட்டும் போக வேண்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மாமா கப்பலில் போகப்போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாளும் மழை. மாமா பெரட்டு எடுத்தார். கடைசியில் தன் பெயரைக் கூப்பிட்டார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கணக்கப்பிள்ளையின் குரலிலேயே, “ஆள் இல்ல. பேர வெட்டு” என்றார்.

தோட்டத்தைவிட்டு ஒருவரை அனுப்பும்போது சொல்கிற வார்த்தை அது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்ததுபோல நாங்கள் என்றைக்கும் சிரித்ததில்லை. மாமா வாளியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தார்.

“இனிமே நீதான் பெரட்டு எடுக்கணும். ஒங்கம்மாவச் சிரிக்க வையி, என்ன?”

அடுத்த மழைக்கு நான் பெரட்டு எடுத்தேன். வாளி மூக்குவரை இறங்கிவிட்டது, ஆனாலும் செருமல் நன்றாகவே வந்தது. எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, வழக்கப்படி கடைசியாக மாமாவின் பெயரைக் கூப்பிட்டேன். வாளியைத் தூக்கிப் பார்த்தால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவால்கூட அவளை இந்த அளவுக்குச் சிரிக்கவைக்க முடிந்ததில்லை என்று நினைத்து, இன்னும் பலமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.