சித்தப்பா ஓட்டும் லாரிக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

சித்தப்பா லாரி டிரைவர். இப்போது அவரிடம் லாரி இல்லை. ஆனாலும் தெருவில் அவரை வேறு பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை. போன வருடம் ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்தியவர், பச்சை விழுந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் அலறிய ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. பின் வண்டிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டியதும், “எதுக்குய்யா தட்டுற?” என்று எரிந்து விழுந்தாராம். இதுவும் ஒரு வகை வலிப்பு என்றார் டாக்டர். கை கால் இழுக்காது, கொஞ்ச நேரம் நினைவு மட்டும் விட்டுப்போகும். மாத்திரை எழுதினார். லைசென்ஸ் போனது.

அதன் பிறகு அவர் வீட்டில் இருப்பதே தெரியவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார். டிவி ஓடினால் பார்த்தார். அணைத்தால் அணைந்த டிவியைப் பார்த்தார். சித்தி வேண்டுமென்றே சண்டை இழுத்துப் பார்த்தாள். அதற்கும் அசையவில்லை.

ஒருநாள் லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டின் வீடியோவை அவருக்குப் போனில் காட்டினேன். போனைக் கையில் வாங்கிக்கொண்டார். “கிளட்ச் உண்டா?” என்றார். அவராக வாய் திறந்து வெகுநாள் ஆகியிருந்தது.

திரை வெளிச்சத்தால் தூண்டப்படுகிற வகை வலிப்பு இல்லை, விளையாடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். என் ஆபீசில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. பழைய ஸ்டியரிங்கும் பெடலும் யாரோ விற்றார்கள். பாக்கி, விளையாட்டின் படத்தைத் தடங்கலில்லாமல் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்தது நான் ஒருவன்தான். படித்தது வணிகவியல் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கடைக்காரர் இரண்டு கார்டுகளை மேசையில் வைத்தார். ஒன்று புதியது, சின்னது, ஒற்றை விசிறி. மற்றது பழையது, செங்கல் பருமன், மூன்று விசிறி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். சித்தப்பா பெரியதைத் தூக்கி, விசிறியை விரலால் சுண்டிவிட்டார். முகர்ந்தும் பார்த்தார்.

“இதை யாரு ஓட்டினது?”

“ஓட்டினதா? அண்ணே, இது லாரி இல்ல, கார்டு.”

“சூடாகுமா?”

“ஆகும்.”

“ரொம்ப ஓடினா தேயுமா?”

“தேயும்தான்...”

“அப்ப லாரிதான். சொல்லுங்க, யாரு ஓட்டினது?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “ராப்பகலா ஓடினதுதாண்ணே, மறைக்கல. ஆனா கல்லு மாதிரி இருக்கு.”

“கல்லு எனக்கு எதுக்கு?”

எனக்கும் பெரியதின் மேல்தான் கண். ஆனால் எங்கள் பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளை அதற்குப் போதாது. “சின்னதே போதும் சித்தப்பா. படத்தோட தரத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா நல்லா ஓடும்” என்றேன்.

“லோடு கம்மியா ஏத்துறது. சரி, எடு.”

கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் போல ஓடியது. வீட்டிலும் ஓடியது. சித்தப்பா காலையில் குளித்து, சட்டை மாட்டி, லோடு ஏற்றக் கிளம்பினார். நான் வேலையில் மூழ்கிவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது ஸ்டியரிங்கின் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“தொடுறதே இல்ல. கேட்டா வாயில கொழுக்கட்டை” என்றாள் சித்தி.

அவள் அடுப்படிக்குப் போனதும் சித்தப்பா மெதுவாகச் சொன்னார். “நடுநடுவுல விட்டுப்போகுதுடா. வளைவு வர்றது தெரியும். அடுத்து பார்த்தா சுவத்துல இருக்கேன். நடுவுல இருந்த ரோடு எங்க போச்சுன்னே தெரியல. முன்னைவிட ஜாஸ்தியா வருது. அவகிட்ட சொல்லிடாத.”

துண்டை எடுத்துவிட்டு நானே உட்கார்ந்து ஓட்டினேன். வளைவு வந்தது. படம் நின்றது. குதித்தது. நானும் சுவரில் இருந்தேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். திரையின் கேபிள் கார்டில் இல்லை. மேலே, கம்ப்யூட்டரோடு வந்த பழைய துளையில் சொருகியிருந்தது.

“பெருக்கும்போது கழட்டினேன்” என்றாள் சித்தி. “ரெண்டு ஓட்டை இருந்துச்சு. மேல இருந்தது குனியாம எட்டுச்சு. படம் வந்துச்சு, விட்டுட்டேன். எனக்கு யாராவது பாடம் நடத்தினீங்களா?”

“கார்டு சும்மாவே உட்கார்ந்திருக்கு சித்தப்பா. விட்டுப்போனது படம். நீங்க இல்ல.”

“உனக்கும் விட்டுச்சா?”

“விட்டுச்சு.”

“என் மேல சத்தியமா?”

கேபிளைக் கார்டில் மாற்றினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வளைவுகள் ஒவ்வொன்றாக முழுசாக வந்து போயின. “வர்றான் பாரு, அவங்க அப்பன் போட்ட ரோடு மாதிரி” என்று எதிரே வந்த காரைத் திட்டினார். சித்தி கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டு கேட்டு அவளுக்கும் நாளாகிவிட்டது.

நேர்ச்சாலை. அதன் முடிவில் இடது பக்கம் ஒரு வளைவு. சாலை வளைந்தது, லாரி வளையவில்லை. வேலியை உடைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கியது. படம் எங்கும் விடவில்லை. அவர் கை ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தது. உதடு மட்டும் எதையோ மெல்வது போல அசைந்தது. சித்தி வந்து அவர் முதுகில் கை வைத்தாள். உலுக்கவில்லை. காத்திருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். வயலில் நின்ற லாரியைப் பார்த்தார். பிறகு என்னை.

“படம் விட்டுச்சா?”

இதையும் கார்டின் தலையில் கட்டிவிடலாம். நம்பியிருப்பார். நாளைக்கும் சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார். சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“இல்ல சித்தப்பா. படம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு.”

“ம்.”

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. எனக்குள்ளும் எதுவும் எழவில்லை. எழ வேண்டாமா என்று மட்டும் யோசித்தேன்.

“வயல்ல யாரும் இல்லையே?” என்றார்.

“யாரும் இல்ல.”

“நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்” என்றாள் சித்தி.

“போலாம்” என்றார். ரிவர்ஸ் போட்டு, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, லாரியை மெதுவாக ரோட்டில் ஏற்றினார்.