பெரட்டுக்களத்தில் கோல்ஃப்

கோல்ஃப் சொல்லித்தரும் வீடியோக்கள் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. தோளைத் தளர விடுங்கள், மனதை லேசாக வையுங்கள் என்கிறார்கள். யார் முன்னால் நின்று தளர விடுவது என்று ஒருவரும் சொல்வதில்லை.

இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் வெளிக்கள உத்தியோகத்தர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, படித்து, அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், கோல்ஃப் பைத்தியம். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளப்புக்கு அவர் போகும் சனிக்கிழமைகளில், மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவன் நான். அது என் வேலை என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. ஆனாலும் ஆறு வருஷம் தூக்கினேன்.

போன வருஷம் கிளப்பில் புது ஏற்பாடு ஒன்று வந்தது. வருடாந்தப் போட்டியில் ஒவ்வொரு துரையும் தன் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரைச் சோடி சேர்த்துக்கொள்ளலாம். துரை தன் பழைய மட்டை ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒரு மாதம் பழகிவிட்டு, அவருடைய பங்களாப் புல்லில் மூன்று பந்து அடித்துக் காட்ட வேண்டும். ஒன்றாவது வேலியைத் தாண்டினால் நான் ஆடலாம். இல்லாவிட்டால் வழக்கம்போலப் பைதான். எனக்கு அந்தக் கிளப் புல்லில் தோளில் பை இல்லாமல் ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

எங்கள் தோட்டத்தில் பாய் விரிக்கக்கூடச் சமதரை கிடையாது, பெரட்டுக்களத்தைத் தவிர. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் அந்த இடம் பின்னேரம் வெறுமையாகக் கிடக்கும். கொழுந்துச் சாக்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டு அதில் அடித்தேன். பெரிய வீரர் ஒருவரின் வீச்சைப் போனில் மெதுவாக ஓடவிட்டு, இடுப்பு எப்போது திரும்புகிறது, மணிக்கட்டு எப்போது மடிகிறது என்று பார்த்தேன். தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் என் மனைவி என்னைப் படம் பிடித்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்தினோம். மூன்றாவது வாரம் பந்து சாக்கின் நடுவில் போய் மொத்தென்று விழுந்தது.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நானும், படம் பிடிக்க மனைவியும் பங்களாவுக்குப் போனோம். முதல் பந்து நான்கடி உருண்டது. இரண்டாவதில் மண்தான் பறந்தது. மூன்றாவது பக்கவாட்டில் போய்ப் பூச்சட்டியில் முட்டியது. நாற்காலியில் இருந்த துரை சிரித்தார்.

“கொழுந்து எடுக்கிற கைக்கு இதெல்லாம் வராது. சனிக்கெழம பைய எடுத்துட்டு வா.”

“சரிங்க தொரை” என்றேன். என் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். அந்தக் கையைச் சொன்னதற்கும் சரிங்க தொரை.

வீட்டுக்கு வந்து மட்டையைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். மனைவி பங்களாவில் எடுத்த படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, அந்த வீரரு அடிச்ச பெறகும் பந்து இருந்த எடத்தையே பாக்குறாரு. நீங்க அடிக்கிறதுக்கு முன்னாலயே தொரை மூஞ்சியப் பாக்குறீங்க.”

அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு போனை வாங்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான். மட்டை கீழே இறங்கும்போது என் தலை நாற்காலிப் பக்கம் எழும்புகிறது, தலையோடு தோளும் எழும்புகிறது. பெரட்டில் துரை முகத்தைப் பார்த்துத்தான் அன்றைய நாள் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்வோம். இருபது வருஷம் அப்படி நின்ற கழுத்துக்கு வேறென்ன தெரியும்? எனக்கு என் கழுத்தின் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் பின்னேரம் பங்களாவுக்குப் போய் இன்னும் ஒரு பந்து கேட்டேன். துரை தலையாட்டினார். பந்துக்கு அடியில் இருந்த ஒரு புல்லைப் பார்த்துக்கொண்டே வீசினேன். அடித்த பிறகும் அதையே பார்த்தேன். பந்து வேலிக்கு அப்பால் தேயிலைக்குள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

“நல்ல அடி. ஆனா நேத்தே டீமேக்கர் பேரக் குடுத்துட்டேன். நீ பைய எடுத்துக்க.”

“சரிங்க தொரை.”

சனிக்கிழமை கிளப்பில், தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கும் அந்த டீமேக்கர் புதுச் சப்பாத்தோடு நின்றார். என்ன திடீரென்று என்று கேட்டேன். திடீரென்று இல்லையே, துரை ரெண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டாரே என்றார் அவர், கள்ளமில்லாமல். என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டது வேடிக்கை பார்க்க.

பையைக் கீழே போட்டுவிட்டு ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். துரை கையை நீட்டினார். அவர் கேட்ட மட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். கழுத்தைத் திருத்த எனக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. இந்த வாய் மட்டும் திறக்கவே இல்லை.