சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிய டின்

அத்தா துபாய்க்குப் போன பிறகு, தரங்கம்பாடியில் எங்கள் பெயிண்ட் கடையில் அம்மா உட்கார்ந்தாள். அத்தாவின் அண்ணனான பெரியத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. குடும்பத்துப் பெண் கடையில் உட்காருவதா என்று வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். அம்மா டீ கொடுத்து அனுப்பினாள். ஓர் ஐப்பசி மழையில், சாவியை வாங்கிக்கொண்டே போவது என்று கடைக்கே வந்துவிட்டார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் சீறும் சத்தம் கேட்டது. கூரை ஒழுகி, பரணிலிருந்த சுண்ணாம்பு மூட்டை நனைந்து, அந்தத் தண்ணீர் கீழே மூடி தளர்ந்திருந்த அலுமினியப் பொடி டின்னுக்குள் சொட்டியிருந்தது. படகுக்கும், வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகளின் கேட்டுக்கும் அடிக்கிற வெள்ளிப் பெயிண்டை அந்தப் பொடியில்தான் கலப்போம்.

டின் சுட்டது. பெரியத்தா வாயில் சிகரெட்டோடு எட்டிப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கச் சொன்னார். அம்மா குறுக்கே நின்றாள். முன்பொரு நாள் சுண்ணாம்பு வாளியில் இந்தப் பொடி தவறி விழுந்து நுரைத்ததையும், பக்கத்தில் தீக்குச்சி கிழித்ததும் குப்பென்று பற்றியதையும் பார்த்தவள் அவள்.

“தண்ணி ஊத்தக்கூடாது மச்சான். மூடவும் கூடாது, வெடிச்சிரும். மொதல்ல சிகரெட்ட வெளியில போட்டுட்டு வாங்க.”

“யாருகிட்ட பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதான் பேசுறேன்.”

அவரிடம் எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. சிகரெட் மழையில் விழுந்தது. அம்மா கோணியால் பிடித்து டின்னை ஒழுகாத இடத்துக்கு இழுத்தாள். மூடியை எடுத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, காய்ந்த மணலைச் சுற்றிலும் கொட்டி, என்னையும் பெரியத்தாவையும் வெளியேற்றினாள். மாலை அஸர் தொழுகைக்குள் சீறல் அடங்கியது. பெரியத்தா சாவி இல்லாமலே போனார்.

மறுநாள் அம்மா கடையைத் திறந்தாள். மிச்ச டின்களிலிருந்த பொடியைத் தண்ணீர் அண்டாதபடி எண்ணெய் விட்டுக் குழைத்து, பலகைமேல் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு அத்தாவின் போன் வந்தது. பெரியத்தா முந்திக்கொண்டு அவரிடம் பேசியிருக்கிறார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “கடை தெறந்துதாங்க இருக்கும்” என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் அங்கேயே நின்றேன். மணி மறுபடி அடிக்கத்தான் செய்தது. அம்மா தெருவில் இறங்கிக் கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை போலும் என்று, கூப்பிட்டுக்கொண்டே நான் பின்னால் ஓடினேன்.