மாய்மாலமும் கடைசி ஓலையும்

மாய்மாலம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எங்கள் வீட்டு அடுப்படியில். கண்ணீரே வராமல் அழுகிற தங்கையைப் பார்த்து அம்மா, "மாய்மாலம் பண்ணாத ஏட்டி, எந்திரிச்சுப் போய்த் தண்ணி பிடி" என்பாள். அதில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. அதே சொல் ராஜபாளையத்தில் எங்கள் வேதக்கோயிலின் பிரசங்க பீடத்தில் ஏறினால் கனத்துவிடும். ஊர் பார்க்க ஜெபித்துவிட்டு உள்ளே வேறாக இருக்கிறவன் மாய்மாலக்காரன். கல்லூரி நூலக அகராதியில் தேடியபோது, மாயத்தோடு மாலம் சேர்ந்த சொல் என்று இருந்தது. மாலம் என்றாலும் பாசாங்குதான். வீட்டில் சிணுங்கலுக்குப் புழங்கிய சொல், சபையார் வாயில் பொய்ப் பக்திக்குப் பெயராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சொல் எங்கள் அப்பாவின் மேல் விழுந்தது இந்த வருடம்.

அப்பா மில் தொழிலாளி. குடியை விட்டுவிட்டு, சாயங்காலங்களில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று தன் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்லலாம். அதே சமயத்தில்தான் தங்கைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளையின் அம்மா குடிகாரப் புருஷனோடு மல்லுக்கட்டி, அவர் செத்த பிறகு தனியாளாகப் பிள்ளையை வளர்த்தவர். அவர் போட்டது ஒரே நிபந்தனை: பெண் வீட்டில் குடி இருக்கக் கூடாது.

குடிக்கக் கூட்டாளி போன கடுப்பு சித்தப்பாவுக்கு. மில் வாசல் டீக்கடையில் எல்லோரும் கேட்க, "வாங்க பிரசங்கியாரே! எங்கண்ணன் எம்புட்டு நல்லா மாய்மாலம் போடுதாரு பாத்தியளா? மக கல்யாணம் முடியட்டும், பொறவு தெரியும்" என்பார். அப்பா டீயை வைத்துவிட்டு வந்துவிடுவார்.

கோயிலில் கல்யாண அறிவிப்பின் கடைசி ஓலை வாசிக்க இருந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்தார். வாய் நிறையப் பாக்கு. பாக்கையும் மீறி அந்த வாடை எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை குழாயடியில் அப்பா கேட்டார். "ஏலே, நீ படிச்சவன். மாய்மாலம்னா சரியா என்ன அர்த்தம்?"

வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா இருக்கதுப்பா."

"வாயத் தொறக்காம இருந்துட்டா?"

"அதுவும்தான்" என்றேன், யோசிக்காமல். அவர் தலையாட்டிவிட்டு முகம் கழுவினார்.

திருமண அறிவிப்பை எங்கள் பக்கம் ஓலை என்போம். மூன்று ஞாயிறு வாசித்து, தடை சொல்ல யாரேனும் உண்டா என்று கேட்பார்கள். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. ஆராதனை முடிந்து புடவை எடுக்கப் போகலாம் என்று அந்த மூன்றாவது ஞாயிறு மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் ஓலையை வாசித்து, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார்.

கோயில் முழுக்கத் திரும்பியது. பெண்ணைப் பெற்றவரே தடை சொல்கிறாரா? தங்கை முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஜெபக்கூட்டத்தில் எழுகிற பழக்கத்தில் எழுந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

"தடை சொல்லுதியளா?" என்றார் ஐயர்.

"தடை இல்லய்யா. சாட்சி. குடிய விட்டுட்டேன்னு சொல்லித்தான் சம்மந்தம் பேசுனோம். முந்தாநாள் குடிச்சிட்டேன். மறைச்சுக் கல்யாணம் வைக்க மனசு வரல."

மாப்பிள்ளையின் அம்மா மெல்ல எழுந்தார்.

"யாரு வாங்கித் தந்தா, அண்ணாச்சி?"

எங்களுக்குப் பின் பெஞ்சில் சித்தப்பா குனிந்து செருப்பைத் தேடினார். கோயிலுக்குள் செருப்புப் போடும் வழக்கமே இல்லை. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"குடிச்ச வாய் என்னுது, மதினி."

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் குடிக்கவே இல்லன்னுதான் சொன்னாரு. கல்யாணத்தன்னைக்குக் காலையில இருந்து நீங்க எம் பக்கத்துலதான் உக்காரணும். வாய மோந்து பாப்பேன். வாடை வந்துச்சுன்னா எம்பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். சம்மதமா?"

"சம்மதம்."

"ஐயரே, மறுபடி வாசிங்க."

ஐயர் முதலிலிருந்து வாசித்தார். கடைசிக் கேள்வி மறுபடி வந்தது. அப்பா தனக்கு முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கையின் மேல் தங்கை தன் கையை வைத்திருந்தாள்.