மொட்டைமாடியில் குல்மொஹர்

குல்மொஹர் வளர்க்கிற தொழில்ல முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, விதைக்கு நம்மளைவிடப் பிடிவாதம் ஜாஸ்தி. தொட்டியில எதையோ புதைச்சுட்டு, பல்லுகூட விளக்காம ஓடிப் போய்க் குனிஞ்சு பார்க்கிற ஆளா நீங்க? அப்போ நம்ம கட்சிதான், உக்காருங்க.

தொண்ணூறுகளோட கடைசி. ஹடப்சர்ல நாலு மாடிக் கட்டடம். எனக்கு நர்சரி வைக்கணும்னு வெறி. கிடைச்ச இடம் மொட்டைமாடி மட்டும்தான். அதுக்கு நேர் கீழே குடியிருந்தவர் ஃப்ளாட் சொசைட்டி செக்ரெட்டரி, எங்க எல்லாருக்கும் காகா, மராட்டியில சித்தப்பா. தன் வீட்டுக் கூரை ஒழுகிடும்னு அவருக்குப் பயம். ஜூன் மழைக்கு முன்னாடி மாடி காலியாகணும், ஒரு செடி மிச்சமிருந்தாலும் அடுத்த வருஷம் மேலே ஏறக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டார். ரஞ்சன்காவ்ல ஒரு கம்பெனித் தோட்டக்காரர், முழங்கால் உயரம் வந்தா மொத்தமும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இறங்கினேன்.

அரம்

குல்மொஹர் விதையோட ஓடு கல்லு மாதிரி. ஓரத்துல லேசாத் தேய்ச்சாத்தான் தண்ணி உள்ளே போகும். என் வீட்டுக்காரர் கசார்வாடியில ஒரு ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். அரத்தால தேய்ச்சுட்டு வாங்கன்னு டிபன் டப்பா நிறைய விதையைக் குடுத்தனுப்பினேன்.

மனுஷன் சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு விதையையும் வைஸ்ல இறுக்கி, ராவி, விரலால தடவிப் பார்த்துட்டிருந்திருக்கார். பின்னாடி வந்து நின்ன ஃபோர்மேன் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "வேலை சுத்தமா இருக்கு. நம்ம ஜாபையும் இதே மாதிரி பண்ணலாமில்ல?"

குக்கர்

அரம் இல்லாதவங்களுக்கு வெந்நீர் வைத்தியம். எதிர் ஃப்ளாட் சுதா கோயம்புத்தூர்ப் பொண்ணு, சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. கொஞ்சம் விதை வாங்கிட்டுப் போனா. கொதிச்ச தண்ணியை இறக்கி வச்சு, அதுல விதையைப் போட்டு ஊற விடுன்னு தெளிவாத்தான் சொன்னேன். அவளுக்கு ஊறப்போடறதுன்னாலே கொண்டைக்கடலை. மறுநாள் காலையில போன் வந்தது.

"அக்கா, மூணு விசில் விட்டும் ஓடு இளகலைங்க. சோடா உப்பு போடட்டுங்களா?"

தூக்கம்

வெந்த விதைக்குப் பதிலா, பால் கவர்ல முளைச்சு நின்ன செடி ஒண்ணைக் குடுத்தேன். ஒரே வாரத்துல மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்து நின்னா. தினமும் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்து பார்த்தா இலையெல்லாம் மூடிக்கிட்டு செத்த மாதிரி இருக்காம்.

"காலையில பார்க்கலையா?"ன்னேன்.

காலையில எங்க நேரம்னு கேட்டா. அது செத்துப் போகலைடி, இருட்டினா இலையை மூடித் தூங்கற மரம், விடிஞ்சா விரிச்சுக்கும்னு சொன்னேன். "ஏழு மணிக்கே தூங்கிடுதுங்களா? குடுத்து வச்ச ஜென்மங்க."

முழங்கால்

மே மாசம் ரெண்டு தடவை இடியோட மழை கொட்டுச்சு. ரெண்டு தடவையும் காகா தன் கூரையைத் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகலை. செடிங்களும் என் முழங்காலைத் தாண்டி நின்னுது. கால் தரையில படாம திரிஞ்சேன்.

ஜூன் பிறந்ததும் தோட்டக்காரர் டெம்போவோட வந்தார். அதுவரைக்கும் போன்லதான் பேச்சு. வண்டியிலேர்ந்து இறங்கினவர் ஆறடிக்கு மேல. ஒவ்வொரு செடியையும் தன் முழங்கால் பக்கத்துல நிறுத்திப் பார்த்து, எட்டாததை ஒதுக்கினார். ரெண்டு வரிசை அப்படியே மிச்சம். காகா வந்து பார்த்தார். மிச்சச் செடியை இறக்கி என் வீட்டு வாசல்ல வைக்கச் சொல்லி, மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டார். நான் சமையலறையில உக்காந்து அழுதேன்.

அன்னிக்குச் சாயங்காலமே மழை பிடிச்சு ராத்திரி பூரா விடாம ஊத்துச்சு. மறுநாள் காலையில காகா வாசல்ல நின்னார், ஒரு கையில வாளி, இன்னொரு கையில சாவி. "ஹால்ல நாலு இடத்துல ஒழுகுது. இத்தனை நாள் உன் செடிங்கதான் தண்ணியைக் குடிச்சிட்டிருந்திருக்கு. மிச்சத்தை மேலே கொண்டு போய் வை, புது விதையும் போடு."

செடி குடிச்சது ஒண்ணுமில்லை, ராத்திரி பூரா பெய்ஞ்சதுல கூரை விரிசல்தான் ஒழுகியிருக்கும்னு நானும் சொல்லலை, காகாவும் தேடலை, நர்சரி மட்டும் நல்லா வளர்ந்துச்சு.